பத்தாவது பெயர்

பதிவாளர் அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மிஸஸ் தூபில் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை எண்ணினார். பிறகு கீழிருந்து மேலாக எண்ணினார். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஒன்பதுதான் வந்தது.

"ஒண்ணு குறையுது, இந்தை." எந்தப் பெண்பிள்ளையையும் அவர் இந்தை என்றுதான் கூப்பிடுவார்.

"தெரியும் மேம். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. அஞ்சு மணி அஞ்சு நிமிஷத்துக்கு வந்து கண்ணாடியைத் தட்டினே, நான் கண்ணை மூடிக்கிட்டு ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருப்பேன். எந்தச் சத்தமும் என் காதுல விழாது."

ரொவெலின் தாளை வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று புதன்கிழமை. இரண்டு நாளில் ஓர் ஆளைத் தேட வேண்டும். சும்மா ஓர் ஆள் போதாது, ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் தோற்ற ஆளாக இருக்க வேண்டும்.

சாந்தா எமெரென்சியானா கல்லூரியில் ஒரு பாடத்தை அதற்குரிய பருவத்தில் அல்லாமல் தனியாக நடத்த வேண்டுமென்றால் பத்துப் பேர் சேர்ந்து மனுப் போட வேண்டும். பெயர், மாணவர் எண், கையெழுத்து. பத்துக்கு ஒன்று குறைந்தாலும் வகுப்பு கிடையாது. தோற்றவர்கள் மற்ற தோற்றவர்களைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. தோற்றவன் என்ன, நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா திரிகிறான்? படிக்கட்டிலும் உணவகத்திலும் ஒவ்வொருவரிடமும் போய், மன்னிக்கணும், நீங்க ஹைட்ராலிக்ஸில் தோற்றவரா என்று கேட்டால் எவன் ஆமாம் என்பான்? ரொவெலின் கேட்டாள். ஒரு மாதமாகக் கேட்டாள். இரண்டு பேர் முறைத்தார்கள். ஒரு பையன் தன் நண்பர்களுக்கு முன்னால், "நானா? நானா தோத்தேன்?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, அரை மணி நேரம் கழித்துத் தனியாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அப்படிச் சேர்ந்தவர்கள்தான் எட்டுப் பேர். அவளோடு ஒன்பது.

அந்த எட்டுப் பேரும் சின்ன வயதுக்காரர்கள். வகுப்பு திறக்காவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்வார்கள். ரொவெலினுக்கு அடுத்த வருடம் கிடையாது. ஐந்து வருடச் சிவில் இஞ்சினியரிங் படிப்பை எட்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அவளுடைய எட்டாவது வருடம் இந்த மே மாதத்தோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவள் படித்தது எல்லாம் பழைய திட்டம், செல்லாது. முக்கால்வாசிப் பாடங்களைப் புதிதாகச் சேர்ந்து திரும்பப் படிக்க வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இவள் கதையில் தாழி உடைந்து மூன்று வருடமாகிறது. வெண்ணெயைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறாள்.

நடுவில் வழக்கமான வகுப்பில் சேர்ந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் இங்கே படித்தவர்களாக இருக்க மாட்டார்கள். முதல் வருடம் புயல் வந்து கட்டடத்தின் கூரையைக் கொண்டுபோனது. அடுத்த இரண்டு வருடமும் இடம் இல்லை. ஒரு பிரிவாகச் சேர்ந்து படிப்பவர்களுக்குத்தான் முதலில் இடம், அவளைப் போன்ற உதிரிகளுக்குக் கடைசி நாளில். அவள் முறை வந்தபோதெல்லாம் நாற்பது நாற்காலிகளும் நிரம்பியிருந்தன.

உதிரி என்ற சொல் அவளுக்குப் பழகிவிட்டது. ஒரு காலத்தில் அவளுக்கும் ஒரு பிரிவு இருந்தது. முப்பத்தெட்டுப் பேர். நான்கு வருடம் எல்லா வகுப்புக்கும் ஒன்றாகப் போய், ஒன்றாகத் தின்று, கடற்கரைச் சாலையில் ஒரே குச்சியில் கோத்த மீன் உருண்டையை மாற்றி மாற்றிக் கடித்தார்கள். ஒருவருக்குக் கண்வலி வந்தால் முப்பத்தெட்டுப் பேருக்கும் வந்தது. கடைசி ஒரு வருடம் பெருந்தொற்று வந்து ஆளுக்கொரு வீட்டுக்குள் போனார்கள். பிறகு அவர்கள் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, செபுவுக்கும் மணிலாவுக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். கல்லூரி வாசலில் அவர்கள் முகங்களோடு பெரிய பதாகை வெகுநாள் தொங்கியது. ரொவெலின் அந்த வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். மழையில் சாயம் போய் முகங்கள் வெளுக்கும்வரை தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் மற்றவர்களின் பாடக்குறிப்புகளை நகலெடுத்தாள்.

அந்தப் பிரிவின் அரட்டைக் குழுவில் அவள் இன்றும் இருக்கிறாள். அவளை நீக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. யாராவது குழந்தையின் படம் போட்டால் இதயம் ஒன்றைத் தட்டுவாள். அவள் என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பாள். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

மதியச் சாப்பாட்டை அவள் இரண்டரை மணிக்குத்தான் சாப்பிடுவாள். சாப்பிடும்போது யார் கடந்துபோனாலும் வாங்க சாப்பிடலாம் என்று கூப்பிட வேண்டும், அவர்கள் இப்பத்தான் ஆச்சு என்று சொல்ல வேண்டும், அதுதான் ஊர் வழக்கம். இரண்டரை மணிக்கு விடுதிச் சமையலறையில் ஒரு பூனைகூட இருக்காது. கூப்பிடவும் வேண்டாம், மறுக்கப்படவும் வேண்டாம்.

அவள் வீடு சிகிஹோர் தீவில். கல்லூரி இருக்கும் துமகேத்தே நகரத்துக் கடற்கரையில் நின்றால் வெயில் நாட்களில் அந்தத் தீவு நன்றாகவே தெரியும். படகில் ஒன்றரை மணி நேரம். அந்தத் தீவில் அவள் இஞ்சினியர்.

அவள் போய் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பெருந்தொற்று வருடம் பட்டமளிப்புப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போக முடியவில்லை. ஆளுக்கொரு முகப்படம் அனுப்புங்கள், அங்கியும் தொப்பியும் நாங்கள் கணினியில் ஒட்டிக்கொள்கிறோம் என்றார்கள். பரீட்சைக்கு ஐந்து மாதம் முன்னாலேயே எல்லாருக்கும் பட்டதாரிப் படம் வந்துவிட்டது. அவள் அதை வீட்டுக்கு அனுப்பினாள், அம்மா கண்ணாடி போட்டு மாட்டினாள். ஹைட்ராலிக்ஸ் கடைசித் தேர்வு இணையத்தில் நடந்தது. நடுவில் நாற்பது நிமிடம் இணைப்பு அறுந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் அவள் தோற்றாள். பட்டமளிப்பும் இணையத்தில்தான். படங்களைக் கோத்து ஓட்டியவர்கள் யார் தேறினார், யார் தேறவில்லை என்று பார்க்கவில்லை. கையில் இருந்த எல்லாப் படங்களையும் ஓட்டிவிட்டார்கள். ரொவெலின் தூமாபோன் என்ற பெயரோடு அவள் முகம் ஆறு விநாடி வந்தது.

அந்த ஆறு விநாடியைச் சிகிஹோரில் கிராம அலுவலகத்தின் ஒரே கணினிக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் அக்கம்பக்கத்து நாற்பது பேரும் பார்த்துக் கைதட்டினார்கள். இங்கே விடுதி அறையில் அவள் தனியாகப் பார்த்தாள். தொலைபேசி அடித்தது.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சத்தமாச் சொல்லு! பன்னி கத்துறதுல ஒண்ணும் கேக்கல!"

"பன்னியா?"

"ஊருக்கே சாப்பாடு போடுறேன்ல! என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லப்பா."

அந்த ஒண்ணுமில்லையை அவள் மூன்று வருடமாகச் சுமக்கிறாள். சொன்னது அவ்வளவுதான், நகரத்தில் பெரிய வேலையில் இருக்கிறாள் என்பது உட்பட மற்றதை ஊரே சொல்லிக்கொண்டது. முழுப் பூசணிக்காயை அவள் சோற்றில் மறைக்கவில்லை. மற்றவர்கள் மறைத்து வைத்ததை எடுத்துக் காட்டாமல் இருந்தாள்.

பத்தாவது ஆளாக யாரைப் பிடிப்பது என்று புதன்கிழமை முழுக்க யோசித்தாள். உண்மையில் யோசிக்கவே வேண்டியதில்லை, முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். தின்தோ. அதே பிரிவு, அதே தேர்வு, அதே தோல்வி. அவன் படமும் ஆறு விநாடி ஓடியது. அவனும் கடைசி வருடத்தில் நிற்கிறான். அவர்கள் இருவர்தான் மிச்சம், ஆனால் மூன்று வருடமாக எதிரெதிரே வந்தால் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்தால் மற்றவருக்குத் தன் கதை ஞாபகம் வரும்.

வியாழக்கிழமை காலையில் கிளம்பிப் போனாள். தின்தோ இப்போது மாமியாரின் கட்டுமானப் பொருள் கடையில் இருக்கிறான். முன்பக்கம் பெயிண்ட் டப்பாக்கள், பின்பக்கம் சிமெண்ட் மூட்டைகள், கல்லாவில் மாமியார் மனாங் பெர்லா. அவள் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏன் தலையைச் சொறியறீங்க? எங்க இஞ்சினியரைக் கேளுங்க. இத்தனை அடி சுவருக்கு இத்தனை மூட்டைன்னு பட்டுனு சொல்லுவாரு. வெளியில கேட்டா ஒரு நாள் இழுத்தடிப்பாங்க."

அவள் தலைக்கு மேலே சுவரில் தின்தோவின் பட்டதாரிப் படம் மாட்டியிருந்தது. ரொவெலின் அதையே பார்த்தாள். அங்கியின் மடிப்பு, இடது தோளில் இருந்த சுருக்கம், மடியில் கோத்த கைகள் எல்லாம் அவள் வீட்டுப் படத்தில் இருப்பதேதான். ஒரே அங்கியை எல்லோருக்கும் ஒட்டியிருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே அவர்கள் இருவரும் ஒரே ஆள்.

தின்தோ அவளைப் பார்த்ததும் கையிலிருந்த அளவுநாடாவைக் கீழே போட்டான்.

"யாரு, தோங்?" என்று மருமகனைக் கேட்டாள் மனாங் பெர்லா.

"கூடப் படிச்சவங்கம்மா."

"அட! அப்ப இவங்களும் இஞ்சினியரா?"

தின்தோ ரொவெலினைப் பார்த்தான். அந்த ஒரு நொடி அவன் கண்ணில் இருந்த கெஞ்சலைப் பார்த்திருந்தால் எந்தக் கல்லும் கரைந்திருக்கும். ரொவெலின் புருவத்தை உயர்த்தி ஆமாம் என்றாள்.

"பாரு, எவ்வளவு சின்னப் பொண்ணா இருக்கா! கல்யாணம் ஆயிடுச்சா? இல்லையா? ஏன்? இரு, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவே போனதும் தின்தோ முதலில் சிரித்தான். பிறகு முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"மனுவுக்குத்தானே வந்திருக்கே? எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க?"

"ஒன்பது. உன்னோட பத்து."

"யூனிஃபார்ம் போடணுமா?"

"போடணும். கழுத்துல அடையாள அட்டையும்."

"என் தொப்பை அதுக்குள்ள போகாது."

"தையக்காரன் எதுக்கு இருக்கான்? வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு மணிநேரம். அவ்வளவுதான் தின்தோ. நாலு மாசம். அப்புறம் நீ சொல்றது எல்லாமே உண்மையாயிடும்."

அவன் ஒரு மூட்டையின் தையல் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஜெஸாவெல்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் குழந்தை பிறக்கட்டும்னு இருந்தேன். இப்ப குழந்தை வந்து அந்தப் படத்தைக் காட்டி, 'அப்பா தொப்பி'ங்குது."

"என் வீட்டுலயும் தெரியாது," என்றாள் ரொவெலின்.

மூன்று வருடத்தில் அவள் இதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. சொன்னதும் ஒரு மாதிரியாக இருந்தது, வெகுநேரம் குனிந்து நின்றவள் நிமிர்ந்த மாதிரி. தின்தோ அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மாமியார் முன்பக்கத்திலிருந்து, "இஞ்சினியர், அரை அங்குலக் கம்பி இருக்கான்னு கேக்குறாங்க!" என்று கூப்பிட்டாள்.

"வர்றேன்," என்றான் தின்தோ. யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு ரொவெலினின் பக்கம் திரும்பி, "கண்டிப்பா வர்றேன். நாளைக்கு மூணு மணி. பதிவாளர் ஜன்னல்தானே? மூணு மணிக்கு டாண்ணு நிப்பேன். சாமி சத்தியமா," என்றான். போகும்போது வாழையிலையில் சுற்றிய பசையரிசிப் பலகாரம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினான்.

இந்தத் தீவுகளில் முடியாது என்ற சொல்லை எவரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. எதிராளி கூனிக்குறுகுவதைப் பார்ப்பதைவிடப் பொய் சொல்வது மேல். அதனால் சரி என்பதில் பல ரகம் உண்டு. பேசாமல் புருவத்தை மட்டும் தூக்கினால் அது உண்மையான சரி. வாயால் ஒருமுறை சொன்னால் பார்க்கலாம் என்று பொருள். இரண்டு முறை சொன்னால் சந்தேகம். நாளும் சொல்லி, மணியும் சொல்லி, சத்தியமும் செய்து, கையில் பலகாரமும் கொடுத்தால் அந்த ஆள் வரமாட்டான் என்று இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ரொவெலினுக்குத் தெரியாதா? இருபத்தைந்து வருடம் இந்தக் காற்றைத்தானே சுவாசிக்கிறாள். ஆனால் அன்று அவள் அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. ஒருவனிடம் மனதைத் திறந்து சொல்லியாயிற்று, அவன் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டான். அந்தப் பலகாரத்தை நடந்துகொண்டே தின்றாள். வழியில் எதிரே வந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட, "சாப்பிடுறீங்களா?" என்று நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு இரண்டரை மணிக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்றாம் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து, ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்து, ஒரே பிரிவு கிடைத்துவிட்டது என்று கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஒரு பெண் ரொவெலினிடம், "மேம், எந்த ஜன்னல்ல போட்டோ கொடுக்கணும்?" என்று கேட்டாள். அவள் வயதைப் பார்த்து ஆசிரியை என்று நினைத்துவிட்டாள் போல. ரொவெலின் வழி சொன்னாள்.

மூன்று மணி ஆனது. மூன்றரைக்கு ஒரு செய்தி வந்தது. 'வந்துகிட்டே இருக்கேன்.' துமகேத்தேயில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் முச்சக்கர வண்டியில் பத்து நிமிடம்தான். நாலு மணி ஆனது. நாலு இருபதுக்குக் கூப்பிட்டாள். தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வாசலில் ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். நாலரைக்கு மேல் எழுவதை நிறுத்தினாள்.

வரிசை கரைந்து போயிற்று. மிஸஸ் தூபில் ஜன்னலுக்குள்ளிருந்து விரலை ஆட்டிக் கூப்பிட்டார்.

"அந்தப் பத்தாவது ஆள் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேம்."

"அவன் நம்பர்?"

"மனப்பாடம் மேம். முதல் வருஷம் நான்தான் அவனுக்கு எல்லாப் படிவமும் எழுதிக் கொடுத்தேன்."

மிஸஸ் தூபில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் காபி கலக்கப் போறேன். அஞ்சு நிமிஷம் ஆகும். திரும்பி வந்து எண்ணுவேன். பத்து இருந்தா பத்துன்னு எழுதுவேன். நான் எண்ணுறது பேரை. மூஞ்சியை இல்ல."

அவர் எழுந்து உள்ளே போனார். கல்நெஞ்சுக்காரி என்று பெயரெடுத்தவர் அவர். ரொவெலின் பேனாவை எடுத்தாள். அவளுக்கு அப்போது தின்தோமேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? வராமல் போனதற்கு, வருகிறேன் என்றதற்கு, அந்தப் பலகாரத்துக்கு. போடு, அவன் பெயரைப் போடு, அவன் செய்ததற்கு அதுவே பெரிய உபகாரம் என்று மனம் சொன்னது. பெயரை எழுதினாள். எண்ணில் முதல் நான்கு இலக்கங்களை எழுதினாள்.

கல்லூரியில் ஒருவன் பெயர் பதிந்தால் அடுத்த நிமிடம் அவன் பாதுகாவலருக்குச் செய்தி போகும். வாழ்த்துகள், உங்கள் மகன் இந்தப் பருவத்தில் இந்தப் பாடத்தில் சேர்ந்துள்ளார். ரொவெலின் மூன்று வருடம் முன்பே அப்பாவின் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைக் கொடுத்துவிட்டாள். தின்தோ அப்படிச் செய்திருக்க மாட்டான். அவன் அம்மாவுக்குச் செய்தி போகும். இது என்ன கூத்து, என் மகன் எப்போதோ முடித்துவிட்டானே என்று அந்த அம்மாள் உடனே சம்பந்தி வீட்டுக்குப் போன் போடுவாள். மனாங் பெர்லா கல்லாவில் உட்கார்ந்தபடி எடுப்பாள். தலைக்கு மேலே படம் இருக்கும், எதிரே வாடிக்கையாளர்கள் நிற்பார்கள்.

சொல்ல வேண்டியது அவன். எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, சொல்லாமலே செத்துப்போவதா என்பதெல்லாம் அவன் பாடு. அதை இன்னொருத்தி ஒரு பேனாவால் செய்யக்கூடாது. தன் வீட்டில் யாராவது இப்படிச் செய்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தாள். எழுதியதைக் குறுக்கே அடித்தாள்.

மிஸஸ் தூபில் காபிக் கோப்பையோடு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைப் பார்த்தார். அடித்திருந்த பெயரை வெகுநேரம் பார்த்தார்.

"ஒன்பது," என்றார்.

"ஆமா மேம்."

"உனக்கு இதுதானே கடைசி வருஷம்?"

"ஆமா மேம்."

"நீ ஒரு முட்டாள், இந்தை." அதை அவர் சொன்ன குரலில் திட்டு இல்லை. முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, தாளில் குத்தினார். வகுப்பு இல்லை. மணி ஐந்தாக மூன்று நிமிடம் இருந்தது.

எட்டுப் பேருக்கும் செய்தி அனுப்பினாள். 'பரவாயில்ல மேம்' என்று ஏழு பேரும், கட்டைவிரல் ஒன்றை ஒருவனும் அனுப்பினார்கள். அறைக்குப் போனாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தொலைபேசியில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். இருநூற்றுச் சொச்சம் பெயர்கள் இருந்தன. சொல்ல ஒருவரும் இல்லை. சீருடையைக் கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தாள்.

சனிக்கிழமை காலைப் படகில் ஊருக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அறையில் இன்னொரு நாள் இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டு வாசலில் அப்பா எலியுதேரியோ குந்தி உட்கார்ந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஊர்த்தலைவர், கபித்தான் என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், மடியில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"ஆளே வந்தாச்சு! இஞ்சினியர், உங்களுக்கு ஆயுசு நூறு! இப்பத்தான் உங்க அப்பாகிட்டச் சொல்லிட்டிருந்தேன். மேட்டு வீடுங்களுக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது. நகராட்சியில புதுக் குழாய் தர்றாங்களாம், ஒரு இஞ்சினியர் பார்த்துட்டு எழுதிக் கொடுக்கணுமாம். வெளியூர்க்காரனை எதுக்குத் தேடணும்? நம்மகிட்டயே ஒருத்தர் இருக்கறப்ப!"

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். தொட்டி இங்கே, மேடு அங்கே, நடுவில் நீளமாக ஒல்லிக் குழாய்.

"குழாய் ரொம்பச் சின்னது கபித்தான். போற வழியிலயே வேகம் செத்துப்போயிடும். ரெண்டு அங்குலம் போட்டா ஏறும்."

"பார்த்தியா, பார்த்தியா!" கபித்தான் தொடையில் தட்டினார். "எட்டு மாசமா நாங்க சாமிக்கு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருக்கோம்! இந்தாங்க பேனா. கீழ, இந்தக் கோட்டுல."

அவள் பேனாவை வாங்கவில்லை.

"என்னால போட முடியாது கபித்தான். நான் இஞ்சினியர் இல்ல."

அவர் சிரித்தார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அம்மாவும் சிரித்தாள். "அடக்கத்தைப் பாருங்க," என்றாள் அம்மா.

"இல்லம்மா. நான் இஞ்சினியர் இல்ல."

"உரிமம் இன்னும் வரலையா? அதனால என்ன, இது ஒரு சின்னத் தாள்தானே," என்றார் கபித்தான்.

"நான் பாஸே ஆகல. ஒரு பாடம் போயிடுச்சு. அப்பவே போயிடுச்சு. படத்தைத் தப்பா போட்டுட்டாங்க, நானும் பேசாம இருந்துட்டேன். அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க மனுப் போட நேத்துதான் கடைசி நாள். அதுவும் போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கபித்தான் தாளை நான்காக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார். "வெயில் ஏறிடுச்சு. நான் அப்புறமா வர்றேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, தொப்பியை மறந்து வைத்துவிட்டுப் போனார். பாவம், நல்ல மனிதர். மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். ரொவெலின் காத்திருந்தாள். இந்த நிமிடத்துக்காக அவள் மூன்று வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஏன் மறைத்தாய் என்று கேட்டால் ஒரு பதில். ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டால் ஒரு பதில். இத்தனை வருடப் பாடும் இதற்குத்தானா என்று கேட்டால் காலில் விழுவது. எல்லாவற்றையும் படுக்கையில் கிடந்து ஒத்திகை பார்த்திருக்கிறாள்.

"மூணு வருஷமா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"இந்த மூணு வருஷமா இதை யார்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தே?"

இந்தக் கேள்வி அவள் ஒத்திகையில் வரவேயில்லை.

"யார்கிட்டயும் இல்லப்பா."

"ஒருத்தர்கிட்டக் கூடவா இல்ல?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அதற்குமேல் தாங்க முடியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி, பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி, மூக்கிலிருந்து ஒழுகுவதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், வாசலில் நின்றபடியே அழுதாள். அம்மா ஓடிவந்து பையை அவள் தோளிலிருந்து இறக்கினாள். அப்பா எழுந்து, செதில் ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கபித்தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். தானும் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு," என்றார். "முதல்லேருந்து சொல்லு."